முறையிட ஆளில்லாத குற்றங்களும் பொலிஸாரின் பார்வையும்

ஆசிரியர் அவர்கட்கு,

வீட்டில் களவு போனால் பறிகொடுத்தவர் பொலிஸுக்குப் போகிறார். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே வாக்குமூலம் கொடுக்கிறார். ஆனால் நாலு பேர் மரத்தடியில் காசு வைத்துக் கடதாசி விளையாடினாலோ, வாவிக்கரையில் இரண்டு பேர் பியர் குடித்தாலோ, ஒருவன் சேட்டுப் பையில் ஒரு சரை கஞ்சா வைத்திருந்தாலோ முறையிட யாரும் வருவதில்லை. அந்தக் குற்றம் பிடிபடுவதும் படாததும் பொலிஸார் எந்த ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் அது பெரும்பாலும் ஏழைகள் இருக்கும் பக்கம்தான் திரும்புகிறது.

செத்தவீட்டில் இரவிரவாக விழித்திருப்பதற்காக ஆண்கள் கடதாசி விளையாடுவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் பழைய வழக்கம். நூறு, இருநூறு ரூபாய் கட்டி ஆடுவார்கள். பிரேதம் வீட்டில் கிடக்க, முற்றத்தில் இருந்தவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை எங்கள் ஊரில் கண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர் இறந்தவரின் மருமகன். விடிந்தால் அடக்கம். இதே நாட்டின் தலைநகரில் கசினோக்கள் விளக்குப் போட்டு நடக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தவென்றே 2010 இல் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக உள்ள எழுவான்கரைக்கு வந்து உல்லாசப் பயணிகள் கூடும் கடற்கரைகளைப் பாருங்கள். மணலில் இருந்து குடிப்பதும் புகைப்பதும் எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அவர்களைப் பிடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கும் கெடுதி செய்யாமல் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பொறுமை வயலில் வேலை முடிந்து வாய்க்கால் கட்டில் குந்தியிருக்கும் எங்கள் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சொல்வது அவனையும் சேர்த்துத்தான்.

2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' என்ற பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது நாளாந்தம் எத்தனை பேர் கைதானார்கள் என்று அறிவித்தார்கள். மேலிடம் எண்ணிக்கை கேட்டால் கீழிருப்பவர்கள் எண்ணிக்கை காட்டத்தான் பார்ப்பார்கள். பெரிய வியாபாரியைப் பிடிக்க மாதக்கணக்கில் உளவு பார்க்க வேண்டும். சந்தியில் நிற்கும் பொடியனின் பையைத் தடவ ஐந்து நிமிடம் போதும். இந்த நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் கேட்டுக்கொண்டதும் சும்மா இல்லை.

பிடிபட்டவனுக்கு நடப்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைக்கிறான். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில், "ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்கிறார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவன் ஒப்புக்கொள்கிறான். பிறகு கட்டாருக்கோ சவூதிக்கோ போக பொலிஸ் ரிப்போட் எடுக்கும்போதுதான் அந்தப் பழைய வழக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஏஜென்சிக்குக் கட்டக் கடன் வாங்கிய தாயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

குடியும் கஞ்சாவும் நல்லவை என்று நான் வாதாட வரவில்லை. குடியால் சீரழிந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத்தான் வருடக்கணக்காகப் படிப்பித்தேன். ஆனால் கசிப்பு என்ற கள்ளச் சாராய விடயத்தில் முறையிட ஆட்கள் இருக்கிறார்கள். அடிவாங்கிய மனைவி இருக்கிறாள். மாதர் சங்கத்துப் பெண்கள் காய்ச்சுகிற இடத்தைப் பேர் சொல்லிக் காட்டுகிறார்கள். அங்கே மட்டும் ஜீப் வரப் பிந்துகிறது. வந்தாலும் குடித்துவிட்டுக் கிடப்பவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காய்ச்சியவன் அடுத்த கிழமை வேறு பற்றைக்குள் பானையை வைக்கிறான். இந்த வித்தியாசம்தான் என்னை எழுத வைத்தது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பொலிஸ் பிரிவும் மாதந்தோறும், சூது, பொது இடத்தில் குடித்தல், சிறு அளவு கஞ்சா ஆகியவற்றுக்காக எந்தெந்தக் கிராமத்தில் எத்தனை பேரைக் கைது செய்தது, கசிப்பு முறைப்பாடுகள் எத்தனை வந்தன, எத்தனைக்கு நடவடிக்கை எடுத்தது என்று தமிழில் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்களே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். விண்ணப்பிக்கச் சட்டத்தரணி தேவையில்லை. படுவான்கரையின் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இந்த மாதமே விண்ணப்பம் போடட்டும். கிடைக்கும் பதிலைத் தங்கள் பத்திரிகை பிரசுரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு.