இருபத்தேழு விநாடி

பாயான் பாரு, பினாங்கு,
ஞாயிறு இரவு

என் அன்பு பாப்பாவுக்கு,

சாப்பிட்டாயா? புதன்கிழமை நீ போன் செய்தபோது நான் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி பஸ் கீழே வந்து ஹாரன் அடித்துவிட்டது. அதனால் நீ சொன்ன அந்த ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். நாலு நாளாக அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாய். எழுதி வைத்தால் இன்னொரு தடவை எடுத்துப் படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எஸ்.பி.எம். (பள்ளி இறுதி) செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி நடக்கிறது, பண்டுல் பரிசோதனை செய்தோம் என்றாய். நான் என்னவென்று கேட்டதற்கு, "ஊஞ்சல் மாதிரிம்மா, தமிழில் ஊசல்" என்று விளக்கினாய். அரை மீட்டர் நூலில் குண்டைக் கட்டி, 20 தடவை போய்வந்து ஆட எவ்வளவு நேரம் என்று பார்த்தாயாம். 27 விநாடி வந்ததாம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஜி, அதாவது பூமி பொருளைக் கீழே இழுக்கும் அளவு, 10.8. பக்கத்து மேசையில் எல்லாருக்கும் 9.8-ஐ ஒட்டி வந்திருக்கிறது. உடனே நீ ரப்பரை எடுத்து 27-ஐ அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள 9.81 வருகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டு 28.37 என்று எழுதிவிட்டாய். டீச்சரும் நன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னுடைய வழக்கமான சிரிப்பு மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

நான் உன்னைத் திட்டவில்லை, பாப்பா. எனக்கு 23 வயதில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். இதுவரை உன் அப்பாவுக்குத் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

சிப் ஃபேக்டரியில் எங்கள் லைனில் நாங்கள் ஒட்டும் தங்கக் கம்பி 25 மைக்ரோன் கனம்தான், தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேனே. ஒரு பீங்கான் முனை அந்தக் கம்பியைச் சிப்பின் மேல் வைத்து அழுத்தி ஒட்டும். ஒட்டியது உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, ஷிப்டுக்குச் சில கம்பிகளை ஒரு சின்னக் கொக்கியால் இழுத்து அறுத்து, எத்தனை கிராமில் அறுந்தது என்று எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கு விடிகாலை நாலு மணி, கண் சொருகியது. ஐந்து கம்பி இழுக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இழுத்தேன். அதிலும் மூன்றாவது கம்பி மிகக் குறைந்த கிராமிலேயே அறுந்துவிட்டது. சரி, நான்தான் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, முந்திய இரண்டையும் போல எண்களைப் போட்டு ஐந்து கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்.

கொக்கியில் ஒரு தப்பும் இல்லை. அந்த மெஷினின் முனைதான் தேய்ந்துபோயிருந்தது. நான் எழுதிய அழகான எண்களை நம்பி அடுத்த ஷிப்டும் அதே முனையில் ஓட்டினார்கள். இரண்டு நாள் கழித்துத் தெரியவந்ததும் மொத்த லாட்டையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் லைன் அக்காமார் இரண்டு இரவு கண் விழித்து ஒவ்வொரு பீஸாகத் திரும்பப் பார்த்தார்கள். நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அக்கா தன் மைலோவில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

அந்த மூன்றாவது கம்பி எனக்கு ஒன்றைச் சொல்ல வந்தது, நான் காதில் வாங்கவில்லை. உன் 27 விநாடியும் அப்படி ஏதோ சொல்ல வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் நேற்றுத் தம்பியைக் கூப்பிட்டு, ஜன்னல் கம்பியில் நூல் கட்டி, அப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து அரை மீட்டருக்குத் தொங்கவிட்டேன். அவன் போனில் நேரம் பார்த்தான், நான் எண்ணினேன். முதல் தடவையே 27! அப்படியே உன் எண். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பச் செய்தோம், மறுபடியும் 27-ஐ ஒட்டித்தான் வந்தது. தம்பிதான் கண்டுபிடித்தான். "அம்மா, விடும்போதே ஏன் ஒன்று சொல்றீங்க? அது இன்னும் ஆடவே இல்லையே."

பார்த்தாயா? விடுகிற அந்த நொடியில் ஒன்று என்று தொடங்கினால், 20 என்று முடிக்கும்போது அது 19 தடவைதான் ஆடியிருக்கும். 19 ஆட்டத்து நேரத்தை 20-ஆல் வகுத்தால் ஜி 10.8 வரத்தானே செய்யும்? சுழியம் என்று தொடங்கி ஐந்து தடவை எண்ணிப் பார்த்தேன். 28.2-இலிருந்து 28.6 வரை வந்தது, சராசரி 28.4. உன் கண்ணும் கடிகாரமும் பொய் சொல்லவில்லை, எண்ணத் தொடங்கிய இடம் மட்டும்தான் தவறு. நீ 27-ஐ அழிக்காமல் வைத்திருந்தால் இதை நீயே பிடித்திருப்பாய். எனக்கு இருக்கிற வருத்தமெல்லாம் அதுதான். கண்டுபிடிக்கிற அந்தச் சந்தோஷத்தை நீ ரப்பரால் அழித்துவிட்டாய்.

அப்புறம் இன்னொன்று. நீ பொய் எழுதிக் கொண்டுவந்த 9.81 நம் ஊர் எண்ணே இல்லையாம். தம்பி தேடிக் காட்டினான். பூமி சுழல்வதாலும், நடுவில் புடைத்திருப்பதாலும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஜி கொஞ்சம் குறைவு. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் 9.78தான். நம் நூலுக்கும் நட்டுக்கும் அவ்வளவு சின்ன வித்தியாசம் பிடிபடாது, உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தை முதலில் காட்டிக்கொடுத்ததும் ஓர் ஊசல்தான். 1672-இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவில் உள்ள கயேனுக்குப் போனார். அந்த ஊரும் நம் பினாங்கு மாதிரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகையில்தான் இருக்கிறது. பாரிஸில் ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு 2 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியது. அவர் பாரிஸ் கணக்குக்கு எண்ணைத் திருத்தவில்லை, தாம் பார்த்ததை அப்படியே எழுதினார். பிறகு நியூட்டன் 1687-இல் வந்த தம் நூலில், பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்கு அந்தக் கடிகாரத்தையும் எடுத்துக்காட்டினார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பாப்பா. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

உனக்கு இதெல்லாம் புதிதா என்ன? 2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? சூரிய கிரகணம். கீழே மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகத் தரையில் கிடந்தது. அட்டையில் ஓட்டை போட்டு, விழுந்த பிறையை நீ நோட்டில் வரைந்தாய். எதிர்வீட்டுப் பையன் கிரகணக் கண்ணாடி போட்டு வானத்தைப் பார்த்து வரைந்தான். உன்னுடையது அவனுடையதற்கு நேர் தலைகீழாக இருந்தது. நீ வரைந்தது தப்பு, அழித்துவிட்டு மாற்று என்று பெரியவர்கள்கூடச் சொன்னார்கள். 11 வயதுப் பிள்ளை, "நான் பார்த்தது இதுதான்" என்று நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். ஓட்டை வழியாக வரும் பிம்பம் தலைகீழாகத்தான் விழும் என்று பிறகு நீயே படித்துத் தெரிந்துகொண்டு வந்து எனக்கு விளக்கினாய். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

விடுதியில் எல்லாரும் ஏ-க்கு ஓடுகிறார்கள், பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் உனக்கு இருக்கும். எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாளைக்கு டீச்சரிடம் போ. 27 வந்தது, நான் மாற்றி எழுதினேன், காரணம் இப்போது தெரிகிறது, திரும்பச் செய்ய விடுங்கள் என்று கேள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். கேட்டுவிட்டு வந்து எனக்குப் போன் செய். பகலில் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து எடுப்பேன்.

முறுக்கும் கச்சானும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமை வந்து தருவார். அறைத்தோழிகளுக்கும் கொடு. நட்டை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. அப்பா ஜன்னலைச் சாத்த முடியவில்லை என்கிறார், இருக்கட்டும். அடுத்த விடுமுறைக்கு வந்ததும் நூலை ஒரு மீட்டராக்கிப் பார்ப்போம். நீ எண்ணு, நான் கடிகாரம் பிடிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா