மூண்டு சாவி

கும்மிடிப்பூண்டி முகாம், தமிழ்நாடு
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில அனுப்பின குரலை மூண்டு தரம் போட்டுக் கேட்டன். நுண்கடன் கொம்பனிக்காரர் அறுபதினாயிரம் கடன் தருவினமாம், ஒழுங்கையில மூண்டு பேர் ஆளுக்காள் பிணை நிண்டால் காணுமாம், கிழமைக்குக் கிழமை கட்டலாமாம். போனில பதில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" எண்டு பாதியில வைச்சிடுவாய். அதுதான் எழுதுறன்.

எடுக்காதை எண்டு கட்டளை போட நான் ஆரு? மன்னாரில குடும்பம் நடத்துறது நீ. ஆனா 2018இல நடந்தது உனக்கு என்னைவிட நல்லாத் தெரியும். வரட்சி மாவட்டங்களில ஒரு லட்சத்துக்குள்ள நுண்கடன் எடுத்துக் கட்ட ஏலாமல் நிண்ட பொம்பிளையளின்ர கடனை இலங்கை அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. வட்டியும் வருசத்துக்கு நூற்றுக்கு 35ஐத் தாண்டக்கூடாதெண்டு வரம்பு வைச்சவை. 35 எண்டது கட்டுப்பாடெண்டால், அதுக்கு முந்தி எவ்வளவு உருவியிருப்பாங்கள்? அதோட அந்தப் பிணை. நீ ஒரு கிழமை கட்டாட்டி உன்ர படலையில வந்து நிக்கப்போறது கொம்பனிக்காரன் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரியும்தான். பிறகு கிணத்தடியில ஆரோட கதைப்பாய்?

இஞ்ச முகாமில எங்கட சேமிப்புக் குழு தொடங்கேக்க உனக்கு ஏழு வயசு. 2001. சந்திரகாசன் ஐயா தொடங்கின ஓஃபர் எண்ட ஈழ அகதியளின்ர நிறுவனத்தில இருந்து ஒரு பிள்ளை வந்து சொல்லித்தந்தது. அப்ப எங்கட நிலைமை என்ன? முகாமில ஆக்களைச் சரிபார்க்கிற தணிக்கை முடிஞ்சு, அரசாங்கம் மாதாமாதம் தாற பணக்கொடையை வாங்கிக்கொண்டு வெளியில வந்தால் வாசலில வட்டிக்காரன் நிப்பான். மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி. காசு வீட்டு வாசல்படியைக் காணாது. அந்தக் காலத்தில கிழமைக்கு இருபது ரூபாய் மிச்சம்பிடி எண்டு அந்தப் பிள்ளை சொல்ல, நான் சிரிச்சனான். இருபது ரூபாய் இருந்தால் மீன் வாங்கமாட்டனா?

பதினைஞ்சு பேர் சேர்ந்தம். கிழமைக்கு முன்னூறு. வருசம் முடிய 15,600. அவ்வளவு காசை நாங்கள் ஒண்டாப் பார்த்ததே இல்லை. வங்கியில கணக்குத் திறக்கப் போனால் அகதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு "நாளைக்கு வாங்க" எண்டினம். அந்த நாளை வர நாலு வருசம் எடுத்தது. அதுவரைக்கும் ஒரு பிஸ்கட் தகரம்தான் எங்கட வங்கி.

அந்தத் தகரத்தாலதான் சண்டையும் வந்தது. தகரம் வைச்சிருந்தவள் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு 1,800 ரூபாயை எடுத்துச் செலவழிச்சுப்போட்டாள். கேட்டிருந்தால் தந்திருப்பம். கேக்காமல் எடுத்ததுதான் வயித்தெரிச்சல். ரெண்டு மாதம் குழு கூடேல்லை. பிறகு பூட்டு மூண்டு போட்ட இரும்புப் பெட்டி ஒண்டு செய்வித்தம். பெட்டி ஒருத்தி வீட்டில, சாவி வேற மூண்டு வீட்டில. நாலு பேரும் வந்தால்தான் திறபடும். காசை எடுத்தவளையும் விலத்தேல்லை, ஒரு சாவியை அவளிட்டயே குடுத்தம். அதுக்குப் பிறகு ஒரு சதம் பிசகேல்லை. கன காலத்துக்குப் பிறகு ஆரோ சொல்லித்தான் தெரியும், ஆபிரிக்காவில நைஜரில 1991இல தொடங்கி, இப்ப உகண்டா அகதி முகாமுகள் வரைக்கும் பொம்பிளையள் இப்பிடித்தான் மூண்டு பூட்டுப் பெட்டியில காசு சேர்க்கினமாம். எங்களைப் போல பட்டுத்தான் தெளிஞ்சிருப்பினம்.

முதல் கடன் ஆருக்குக் குடுத்தம் எண்டு நினைவிருக்கோ? உன்ர சிநேகிதியின்ர தகப்பன், பெயிண்ட் அடிக்கப் போறவர். மேஸ்திரியிட்ட ஏணி வாடகைக்கு எடுத்து, அந்த வாடகை தினச் சம்பளத்தில கழியும். மனுசி கடன் எடுத்து மூங்கில் ஏணி ஒண்டு வாங்கிக் குடுத்தாள். மாதத்துக்கு நூற்றுக்கு ரெண்டு வட்டி. அந்த வட்டியும் வெளியில போகாது, எங்கட பெட்டிக்குத்தான் வரும். எட்டு மாதத்தில கட்டி முடிச்சாள். பிறகு அந்த ஏணியை அவரே மற்றவைக்கு வாடகைக்கு விட்டார், அது வேற கதை!

இதால நாங்கள் பணக்காரர் ஆகேல்லை. குடியுரிமையைக் குழு தராது. 2021இல அகதி முகாமை மறுவாழ்வு முகாமெண்டு பேர் மாத்தினவை. பணக்கொடையையும் கூட்டி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியாக்களுக்கு 1,000, பிள்ளையளுக்கு 500 ஆக்கினவை. இப்பவும் அந்தக் காசு வேணும். ஆனா வாசலில வட்டிக்காரன் இல்லை. வாங்கின காசு முழுசா வீட்டுக்கு வருது.

நீ சீட்டுப் பிடிக்கிற மாதிரி இதை நினையாதை. சீட்டு முடிஞ்சால் காசு கலைஞ்சுபோம், முதல் எடுத்தவள் ஓடினால் கடைசியாள் அழவேணும். உன்ர தாத்தா ஊரில சிக்கன கடன் சங்கத்தில இருந்தவர், அதுமாதிரி எண்டு நினை. பத்துப் பேர் காணும். எல்லாரும் சொந்தக்காரராச் சேர்க்காதை, மச்சாளிட்ட கணக்குக் கேக்க உனக்கு வாய் வராது. கிழமைக்கு நூறு போடுங்கோ. மூண்டு மாதத்துக்கு ஆர் கேட்டாலும் கடனில்லை. காசை நடுவில பாயில கொட்டி, சத்தமா எண்ணவேணும். எழுதப் படிக்கத் தெரியாதவளும் தொகையைக் காதால கேட்டு வைச்சிருப்பாள்.

உனக்கு அறுபதினாயிரமும் ஒரேயடியா வேணுமோ எண்டும் யோசி. கோழிக்கூட்டுக்குத்தானே? பத்துக் கோழியோட தொடங்கினால் என்ன?

என்ர பழைய கணக்குக் கொப்பி ஒண்டை, வாற மாதம் ஊருக்கு வாற ஆளிட்டக் குடுத்துவிடுறன். முதல் பக்கத்தில நீ கிறுக்கின கோழிப் படம் இருக்கு, அந்தத் தாளைக் கிழிக்காதை. மருமகனுக்கு இருமல் எப்பிடி? வாற ஞாயிறு எடுக்கேக்க ஒழுங்கையில எத்தனை பேர் ஓமெண்டவை எண்டு சொல்லு. மூலைக்கடைக்காரியையும் கேள், அவள் கணக்கில கெட்டிக்காரி.

அம்மா