அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது.

நீ போன் பண்ணி ஐந்து வாரம் ஆகிறது. புது வேலையைப் பற்றி மாப்பிள்ளைதான் அம்மாவிடம் சொன்னாராம். "மாட்டுக் கம்பெனி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை. கால்நடை மருத்துவம் படித்து என் மகள் டெக்சாஸ் வரை போயிருக்கிறாள் என்று சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு மாட்டின் செல்லை எடுத்து அதே அச்சில் இன்னொரு மாட்டை உண்டாக்குகிறார்களே, குளோனிங், அந்த வேலையோ என்று மனதுக்குள் ஓடியது. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குளோனிங்கில் பிறந்த டாலி என்ற செம்மறி ஆட்டுக்காக 277 கருமுட்டை செலவானதாம், பிழைத்தது ஒன்றே ஒன்று. மாட்டில் செய்தால் பல சினை பாதியில் கலைகிறது. கலையாமல் நின்றாலும் சில கன்றுகள் வயிற்றுக்குள் அளவு மீறி வளர்ந்துவிடுகின்றனவாம். சுமக்கிற பசுவின் கதி என்ன என்று உனக்குத் தெரியாததா?

குளோன் செய்த மாடு, பன்றி, வெள்ளாட்டின் பாலும் கறியும் மற்றதைப் போலத்தான், கெடுதல் இல்லை என்று உங்கள் ஊர் உணவு மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் சொல்லிவிட்டது. மறுத்துப் பேச எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் குளோன் என்று பாக்கெட் மேல் எழுத வேண்டியதில்லை என்றும் விட்டார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குளோன் மாட்டைக் கடைக்கு அனுப்பாமல் வைத்திருங்கள் என்றாவது விவசாயத் துறை கேட்டுக்கொண்டது. அது போட்ட கன்றுக்கு அந்த வேண்டுகோளும் இல்லை. 2015-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் குளோன் மாட்டினுடையதும் கூடாது, அதன் வாரிசுகளுடையதும் கூடாது என்று ஓட்டுப் போட்டது. அங்கேயும் படித்தவர்கள்தானே இருக்கிறார்கள். நீ எங்கே வேலை பார்த்தாலும் சரி, எழுதி ஒட்டச் சொல். குழந்தைக்குப் பால் வாங்குகிறவள் தெரிந்து வாங்கட்டும்.

உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், நான் சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பத்தாவின் செவலைக் கிடேரி பருவத்துக்கு வந்தது. நம்ம காங்கயம் இனத்துப் பழையகோட்டைக் காளைக்குத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் ஒரு எழவுக்குப் போனாள். நிறையப் பால் கறக்கும் என்று நான் சீமைமாட்டு ஊசியைப் போட்டேன். வந்து கேட்டபோது காளைக்கே சேர்த்தாயிற்று என்றேன். ஒன்பது மாதமும் அதன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைச்சன் ஈத்து. கன்று பெரிது, வெளியே வரவில்லை. கயிறு கட்டி நான்தான் இழுத்தேன். விடியும்போது செவலை இல்லை. கறுப்பில் வெள்ளைத் திட்டோடு கிடந்த கன்றைப் பார்த்ததும் அப்பத்தாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்றும் இரண்டு நாள்தான் இருந்தது.

அப்பத்தா ஏன் மாட்டுப்பாலே தொடுவதில்லை, ஏன் வரக்காப்பியே குடிக்கிறாள் என்று சின்ன வயதில் கேட்பாயே, அம்மிணி. அதுதான் காரணம். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

எழுதி ஒட்டச் சொல், கண்ணு. அந்த வேலைதானா என்று நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணு. அம்மா தூங்கின பிறகு பண்ணு.

அப்பா