கால் ஹெக்டேரில் எத்தனை பங்கு

கிளாத்தென், மத்திய ஜாவா

அன்புள்ள ராமலிங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குறுவைக்குத் தண்ணீர் காலத்தோடு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், மிகவும் சந்தோஷம். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: ஜாவாவில் குடும்பத்துக்கு ஒரு காணிகூடக் கிடையாது என்கிறார்களே, அதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள்? கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காணி என்றால் ஏறக்குறைய அரை ஹெக்டேர். காணி என்ன, அதில் பாதிகூட இல்லாதவர்கள் ஏராளம். இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்குக் குறைவாகப் பயிர் செய்யும் குடும்பங்கள் 2013 வேளாண் கணக்கெடுப்பில் சுமார் 1.42 கோடி. 2023 கணக்கெடுப்பில் அது 1.69 கோடி ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி ஜாவா. ஒவ்வொரு பாகப்பிரிவினைக்கும் துண்டு சிறுத்துக்கொண்டே போகிறது.

நான் எழுதுவது சோலோவுக்கும் யோக்யகார்த்தாவுக்கும் நடுவில், மெராப்பி எரிமலையின் கிழக்கு அடிவாரத்துக் கிராமங்களைப் பற்றி. எரிமலைச் சாம்பல் படிந்த மண், அடிவாரத்தில் பொங்கும் ஊற்றுகள், அவற்றிலிருந்து இறங்கும் வாய்க்கால்கள். வருஷத்துக்கு இரண்டு போகம் நெல், மூன்றாவதாகச் சோயா, மக்காச்சோளம், கடலை. தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் மூன்று போகமும் நெல்லே. இந்த ஊர்களில் நிலம் யாருடையது என்று மட்டும் கேட்டால் கணக்குப் புரியாது. நெல் பிரியும்போது யார் யாருக்குப் பங்கு என்று கேட்கவேண்டும்.

கால் ஹெக்டேர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்துக் கணக்கில் இரண்டு மாவுக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி இன்னொருவர் உழ விடுவது இங்கே சர்வ சாதாரணம். 'மரோ' என்றால் பாதிக்குப் பாதி. 'மெர்தெலு' என்றால் மூன்றில் ஒரு பங்குதான் உழுபவனுக்கு. மரோவில் நிலவரி சொந்தக்காரருடையது, உழைப்பு வாரக்காரருடையது. உரமும் விதையும் யார் தலையில் என்பது ஊருக்கு ஊர் மாறும். எல்லாம் வாய்ப்பேச்சு, பத்திரம் கிடையாது.

இனி கணக்கு. ஹெக்டேருக்கு 6 டன் ஈர நெல் என்று வைத்தால் கால் ஹெக்டேரில் 1,500 கிலோ. வாரக்காரர் பங்கு 750 கிலோ. காயவைத்தால் 630 கிலோவாகும், அரைத்தால் 390 கிலோ அரிசி சொச்சம். நாலு பேர் உள்ள குடும்பம் வருஷத்துக்குச் சாப்பிடுவது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒரு போகம் வயிற்றுக்கு. இரண்டாவது போகத்தை விற்றுத்தான் பள்ளிக்கூடம், மின்கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை, மொய் எல்லாம். ஒரு போகம் தவறினால் குடும்பத்தின் செலவுப் பணம் முழுதும் போய்விடும். அதனால்தான் இங்கே யாரும் புது ரகத்தையோ புது முறையையோ சட்டென்று தொடமாட்டார்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

பயிர் முறை உனக்குப் பழகியதுதான். கால் ஹெக்டேருக்கு ஆறேழு கிலோ விதை, 18 முதல் 21 நாள் நாற்று, பவர் டில்லரில் உழவு, 25 சென்டிமீட்டர் சதுர நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நடுவார்கள். வேளாண் துறை இரண்டு வரிசைக்கு ஒருமுறை 50 சென்டிமீட்டர் சந்து விட்டு, வரிசைக்குள் 12.5 சென்டிமீட்டரில் நெருக்கி நடச் சொல்கிறது. ஒரே இடத்தில் சேர்த்து ஊன்றும் நாற்றுகள் ஒரு குத்து. ஹெக்டேருக்கு 1,60,000 குத்து இருந்த இடத்தில் 2,13,000 குத்து வரும், ஓரப்பயிர் நிறைய வெயில் வாங்கும். நல்ல முறைதான். ஆனால் நடவுக் குழுவுக்கு நேரமும் கூலியும் கூடும். நடுகிறவர்களில் பலர் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். அவர்கள் தலையை ஆட்டினால்தான் நடக்கும்.

உரம் மலிவு. மானிய யூரியா கிலோ 2,250 ரூபியாவிலிருந்து (இந்தோனேசிய நாணயம்) 2025 அக்டோபரில் 1,800 ஆகக் குறைந்தது. போன்ஸ்கா கலப்பு உரம் 1,840. கால் ஹெக்டேருக்கு யூரியா 60 கிலோவும் போன்ஸ்கா 75 கிலோவும் போட்டாலும் இரண்டரை லட்சம் ரூபியாவைத் தாண்டாது. அதே நிலத்தின் முழு விளைச்சலைக் கிலோ 6,500-க்கு விற்றால் 97 லட்சம். சிக்கல் இரண்டு. மானியப் பட்டியலில் நிலச் சொந்தக்காரர் பெயர் ஏறி, வாய்ப்பேச்சில் வாரம் செய்கிறவர் பெயர் விட்டுப்போவது ஒன்று. மலிவு என்பதால் யூரியாவை அள்ளிப் போடுவது இன்னொன்று. பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, காற்றுமழையில் சாயும். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சிக்கும் அதுதான் விருந்து.

புகையானைப் பற்றி இந்த மாவட்டத்துக்கு நிறையத் தெரியும். கண்ட மருந்தையும் அடித்துச் சிலந்தியையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றதால்தான் அது பெருகுகிறது என்று தெரிந்து, 1986-ல் அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் விவசாயிகளுக்கு வயலிலேயே பாடம் நடத்தினார்கள். அந்தப் படிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோயிற்று. 2010, 2011-ல் இங்கே புகையான் வயல் வயலாகக் காயவைத்துவிட்டது. இங்கே இன்னொரு காரணம் ஊற்றுத் தண்ணீர். வருஷம் முழுக்க ஓடுவதால் ஆளுக்கொரு நேரத்தில் நட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வயல் அறுத்தால் பக்கத்து வயல் தூர் கட்டியிருக்கும், பூச்சிக்கு ஒரு நாளும் பட்டினி இல்லை. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் நட்டு, மூன்றாம் போகத்தில் சோயா போட்டாலே பாதித் தொல்லை தீரும். வாரக்காரர்தான் தயங்குகிறார். சோயாவில் வரும் பணம் நெல்லுக்கு ஈடாகாது.

எலிதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம். வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து வீட்டு மின்சாரத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்ராகென், ங்காவி பக்கங்களில் இதில் அடிபட்டு இறந்த விவசாயிகள் பலர். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போய், தான் போட்ட கம்பியையே மிதித்துவிடுகிறார்கள். இதைச் செய்யவே தேவையில்லை. உழவுக்கு முன்பே ஊர் கூடி வளை தோண்டி எலி பிடிப்பது பழைய வழக்கம். வரப்பு அகலம் 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எலி வளை பறிக்க இடமிருக்காது. டெமாக் மாவட்டத்துத் த்லொகொவெரு கிராமத்தில் வயலெங்கும் கம்பத்தின்மேல் பெட்டி வைத்து, எலி தின்னும் கூகை ஆந்தைகளைக் குடியேற்றியிருக்கிறார்கள். எல்லாமே பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்கும். தனியாக நிற்பவன் கம்பியைத் தேடுகிறான்.

அறுப்புக்கு வருகிறேன், இதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் ஊர்ப் பெண்கள் 'அனி-அனி' என்ற சின்னக் கத்தியால் கதிர் கதிராக அறுத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய மரத்துண்டு, அதன் விளிம்பில் பதித்த சிறு இரும்புத் தகடு, குறுக்கே ஒரு மூங்கில் பிடி. விரல்களால் தாளை வளைத்துத் தகட்டின்மேல் இழுத்தால் கதிர் மட்டும் கையோடு வரும். கத்தி கைக்குள் மறைந்திருப்பதால் நெல் தெய்வம் தேவி ஸ்ரீ மிரளமாட்டாள் என்பது நம்பிக்கை. அப்போதைய உயர ரகங்களுக்கு அந்த முறை பொருத்தம். ஒரே வயலில் முன்பின்னாகப் பழுக்கும், நெல் உதிராது, கட்டாகக் கட்டிக் குதிரில் அடுக்கலாம். அறுக்க யார் வந்தாலும் விரட்டுவதில்லை. எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று பங்கு, உறவுக்காரிக்கு இன்னும் கூட. அந்தப் பங்குக்கு 'பாவொன்' என்று பெயர். நிலமே இல்லாத வீட்டிலும் அரிசி இருந்தது இதனால்தான்.

1970-களில் குட்டை ரகங்கள் வந்தன. குனிந்து கதிர் கதிராக அறுப்பது சரிப்படவில்லை, நெல்லும் எளிதில் உதிரும். அரிவாள் வந்தது, அறுத்த வயலிலேயே அடிப்பது வந்தது. அதே பத்தாண்டில் ஊருக்கு ஊர் அரவை மில் வந்து, உரலில் குத்திக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த வேலையும் போயிற்று. வேறு சில ஊர்களில், கூலி வாங்காமல் நட்டுக் களையெடுத்தவளுக்கு மட்டுமே அறுப்பில் பங்கு என்று வாசலைச் சுருக்கினார்கள். கூடவே 'தெபாசான்' பெருகியது.

தெபாசான் என்றால் வயலோடு விற்பது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வியாபாரி வருவார். கெட்டிக்கார வியாபாரி வரப்போரப் பயிரைப் பார்த்து ஏமாறமாட்டார். உள்ளே இறங்கி நடு வயலில் சில குத்துகளைப் பிரித்து, கதிர் எண்ணி, அடிக்கதிரில் எத்தனை கருக்காய் (பதர்) என்று நசுக்கிப் பார்ப்பார். மொத்தம் இத்தனை குவிண்டால் என்று மனசுக்குள் முடிவு செய்து, அறுப்புக் கூலி, வண்டி, ஈரம் எல்லாம் கழித்து ஒரே தொகையாக விலை சொல்வார். ஒத்துக்கொண்டால் அச்சாரம், மீதி அறுத்த பிறகு. அதற்குள் மழையில் பயிர் சாய்ந்தாலோ, மார்ச்சில் எல்லோரும் ஒன்றாக அறுத்து விலை இறங்கினாலோ, திரும்பி வந்து குறைக்கச் சொல்வார். அச்சாரப் பணம் அதற்குள் செலவாகியிருக்கும். பேச்சு யார் பக்கம் முடியும் என்று சொல்லவேண்டாம்.

பிறகும் ஏன் விற்கிறார்கள் என்று கேட்பாய். முதல் போகம் மழையில் அறுப்பு, காயவைக்கக் களம் கிடையாது. கையில் உடனே பணம் வரும். இன்னொரு காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: அக்கம்பக்கத்துப் பெண்கள் அறுக்க வந்தால் சொந்தக்காரரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வியாபாரி வெளியூர் ஆட்களோடு வந்தால் அந்தச் சங்கடம் இல்லை. அப்படித்தான் பங்கு ஊரைவிட்டு வெளியே போயிற்று. இப்போது வியாபாரியே அறுவடை இயந்திரத்தோடு வருகிறார். கதிரடிக்கும் இடத்தில் வைக்கோலை உதறி மிச்ச நெல் பொறுக்கும் கிழவிகளை இன்னும் பார்க்கலாம். இயந்திரம் போன வயலில் அவர்களுக்கு வேலை இல்லை.

விலையில் மட்டும் ஒரு நல்ல செய்தி. 2025 ஜனவரியில் அரசு ஈர நெல்லுக்குக் கிலோ 6,500 ரூபியா என்று நிர்ணயித்தது. அதற்கு முன் 6,000. ஈரம், பதர் பார்த்துக் குறைக்கும் அட்டவணையையும் எடுத்துவிட்டார்கள். கால் ஹெக்டேர்காரர் அரசின் கொள்முதல் நிறுவனமான புலோக்குக்கு மூட்டை சுமந்து போகப்போவதில்லை. ஆனாலும் வியாபாரியிடம் பேசும்போது காலூன்ற ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

நிலம் போதாதவர்களுக்கு மாடு. இங்கே உழவர் வீட்டு மாடு பெரும்பாலும் நம் ஓங்கோல் மாட்டின் வழிவந்தது. டச்சுக்காரர் காலத்தில் இறக்கி உள்ளூர் மாட்டோடு சேர்த்தது. பணம் உள்ளவர் கன்று வாங்கி வளர்ப்புக்கு விடுவார். ஈனும் கன்றின் விலையையோ, கொழுக்க வைத்து விற்றால் வாங்கிய விலைக்கு மேல் வந்ததையோ பாதியாகப் பிரிப்பார்கள். ஹஜ் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் விற்றால் விலை நன்றாக இருக்கும். பள்ளிச் சேர்க்கைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கைகொடுப்பது இதுதான்.

ஊர்த்தலைவருக்கும் ஊராட்சி அலுவலர்களுக்கும் பதவி இருக்கும்வரை அனுபவிக்க ஊர் நிலம் உண்டு, 'பெங்கொக்' என்பார்கள். அதையும் வாரத்துக்கோ குத்தகைக்கோ விடுவார்கள். தலைவர் மாறினால் வாரக்காரரும் மாறுவார், ஆகவே தேர்தல் சூடாகத்தான் இருக்கும்.

செலவில் பெரிது மொய். நம் ஊர் மாதிரியே உறையில் பணம், நோட்டில் கணக்கு, திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சு. ஹஜ் மாதத்தில் கல்யாணங்கள் குவியும், அடுத்து வரும் சுரோ மாதத்தில் ஒன்றுகூட இருக்காது. குவிகிற மாதத்தில் கூலிக்காரக் குடும்பம் கடன் வாங்கித்தான் உறை போடுகிறது. பெண்களின் குலுக்குச் சீட்டு கொஞ்சம் தாங்குகிறது, தினவசூல்காரரிடம் போனால் மீள்வது கஷ்டம்.

பிள்ளைகள் கராவாங், பெகாசி தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பெண்கள் ஹாங்காங், தைவான் வீடுகளுக்கு வேலைக்குப் போய்ப் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் புது ஓட்டு வீடு எழுந்தால் பெரும்பாலும் அந்தப் பணம்தான். இயந்திரம் ஆள் வேலையைப் பறிக்கிறது என்று முன்னே எழுதினேன், ஆள் இல்லாததால்தான் இயந்திரம் வருகிறது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பங்கு இழந்த கிழவிகளும் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை என்பதை யாராவது சொல்லவேண்டும். பணம் அனுப்ப ஆள் இல்லாத வீடுதான் வைக்கோலை உதறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பக்கம் அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கு என்ன கொடுக்கிறீர்கள்? வைக்கோல் நிலத்துக்காரருக்கா, கட்டு கட்டும் வண்டிக்காரருக்கா? நடவாட்களுக்கு அறுப்பில் ஏதாவது உரிமை மிச்சம் இருக்கிறதா? மறக்காமல் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்