ஐம்பதில் வந்தது தப்பா, செல்வா?

வளசரவாக்கம், சென்னை

அன்புள்ள செல்வா,

இங்கு எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள். அவள் கொடுத்தனுப்பிய மாவடு தீர்ந்தே போய்விட்டது, வந்து சேர்ந்ததென்று ஒரு வரி எழுதவில்லையே என்று நீ திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. திட்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிவலி பரவாயில்லை. நம் ‘கலெக்டர்’ பேரன் படம் அனுப்பியிருக்கிறான், மூக்கு அப்படியே தாத்தாவுடையதாம். பாவம் குழந்தை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடம் உனக்குத் தெரியும். முன்வாசல் உள்தெருவில், பக்கவாசல் ஆற்காடு சாலையில். பஸ் பிடிக்கிற பிள்ளைகள் பக்கவாசல் வழியாக வந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். போன மாதம் அங்கே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை பைக் இடித்துவிட்டது. காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறாள். தேறிவிடுவாள். இடித்த பையன் ஓடவில்லை. முதுகில் சாப்பாடு டெலிவரி பையோடு அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். கூட்டம் சட்டையைப் பிடித்தபோது ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னானாம்: “ஐம்பதுலதான் சார் வந்தேன்.”

நான் அவனை நம்புகிறேன். என் தூக்கத்தைக் கெடுத்ததே அதுதான். குடித்திருந்தான், போனில் பேசினான், தறிகெட்டு வந்தான் என்றால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். 2023 நவம்பரில் சென்னைக்கு அறிவித்த வேக வரம்பு ஞாபகம் இருக்கிறதா? காருக்கு மணிக்கு 60 கி.மீ., கனரக வண்டிக்கு 50, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிக்குள் எல்லாருக்கும் 30. ஆற்காடு சாலை குடியிருப்புப் பகுதி கிடையாது. ஆக அந்தப் பையன் சட்டப்படிதான் வந்திருக்கிறான். பள்ளிக்கூட வாசலில் 50-ல் வரலாம் என்று நாம்தான் அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

வாத்தியார் கரும்பலகையைத் தேடுகிறான் என்று சிரிக்காதே, கணக்கைப் பார். குறுக்கே ஒரு பிள்ளை வந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள். 30-ல் வருகிற வண்டி அந்த நொடியில் 8 மீட்டர் சொச்சம் ஓடும். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்றால் அப்புறம் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். 50-ல் வருகிறவன் அந்த முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறான். முதலாமவன் வண்டியை முழுசாக நிறுத்திவிட்ட இடத்தில் இவன் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. அங்கே பிள்ளை நின்றால் அந்த 50-லேயே மோதுகிறான். 30-ல் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 50 என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர், மூன்றாம் மாடி. நம் கிளாஸில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. நானும் முப்பது வருஷம் வகுப்பில் மாங்காயைத்தான் கீழே போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கவாசலிலும் 30 வேண்டும் என்று இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். “30 ஏற்கெனவே இருக்கே சார்?” என்றார். அது உள்தெருவுக்கு, பக்கவாசல் மெயின் ரோட்டில் என்றேன். “மெயின் ரோட்டுக்கு 30 எப்படி சார் போடறது?” மோட்டார் வாகனச் சட்டம் 112-வது பிரிவைக் காட்டினேன். குறிப்பிட்ட ஒரு சாலைக்கு வரம்பைக் குறைத்து அறிவித்துப் பலகை வைக்க மாநில அரசுக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. அவர் அந்தப் பிரிவின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். மனு இப்போது வேறு மேசைக்குப் போயிருக்கிறதாம். எந்த மேசை என்று கேட்டால் மேலே கை காட்டுகிறார்கள்.

இதற்கு நடுவில் எங்கள் குடியிருப்போர் சங்கம். அங்கே எல்லா நோய்க்கும் ஒரே மருந்து ஸ்பீட் பிரேக்கர். அதுவும் அவரவர் வீட்டு கேட்டுக்கு நேராக. சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் ஏறி இறங்கலாம் என்று ரோடு போட்ட பொறியாளர் நீதான் ஒருமுறை வகுப்பெடுத்தாய். எங்கள் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டிவிட்டுப் போனதை வந்து பார். என் முட்டிக்கு அதன் மேல் தனிப்பட்ட விரோதம் உண்டு. தடை வந்ததும் பிரேக், தாண்டியதும் முறுக்கு. பள்ளி வாசலுக்கு வரும்போது வண்டி மறுபடி பழைய வேகத்தில்தான் இருக்கிறது.

உன்னிடம் சண்டை போட வேண்டிய இடம் இது. ஒரு சாலையில் 100 வண்டியில் 85 எந்த வேகத்துக்குள் போகிறதோ அதை ஒட்டித்தான் வரம்பு வைக்க வேண்டும் என்று நீ அடித்துச் சொல்வாய். ஸ்டாப்வாட்ச்சோடு புளியமரத்தடியில் நின்று கொளுத்தும் வெயிலில் நீ எடுத்த கணக்கையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தானே வாக்கு? கடக்கிற பிள்ளையின் வாக்கை யார் எண்ணினீர்கள்? ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத நெடுஞ்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். நடக்கிறவரும் வண்டியும் கலக்கிற இடங்களில் அதிகபட்சம் 30 என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்தது. அங்கே ஆரம்பக் கேள்வியே வேறு. இந்த இடத்தில் இடித்தால் மனித உடம்பு எவ்வளவு தாங்கும்? அதிலிருந்து பின்னோக்கி வந்து பலகையில் எழுது என்கிறார்கள்.

சரி, உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மைதானம் மாதிரி ரோட்டைப் போட்டுவிட்டு ஓரத்தில் 30 என்று பலகை நட்டால் ஒருவனும் மதிக்க மாட்டான். கேமரா வைத்து, காருக்கு 1000 ரூபாய் அபராதம் போட்டால் கேமரா இருக்கிற இடத்தில் மட்டும் மதிப்பான். மெட்ரோ வேலைக்காக இதே ஆற்காடு சாலையில் தகரத் தடுப்பு அடித்துக் குறுக்கியிருந்த நாட்களை நினைத்துப் பார். நெரிசலுக்கு நான் திட்டாத திட்டில்லை. ஆனால் யாராலும் 50-ல் போக முடியவில்லை. எந்தப் பலகையும் அறிவிப்பும் இல்லாமல் சாலையின் அகலமே வேகத்தைக் கட்டிப்போட்டது. தகரம் எடுத்த இடங்களில் பையன்கள் பறக்கிறார்கள். அந்த டெலிவரிப் பையனையும் அந்த ரோடுதான் ‘வா, வா’ என்று கூப்பிட்டிருக்கிறது.

பள்ளி நேரத்துக்கு மட்டும் 30 போதுமே என்கிறார் சங்கச் செயலாளர். உன் மகன் சிட்னியில் அபராதம் கட்டிவிட்டுப் புலம்பினானே, அந்த மாதிரி. அந்த மாநிலத்தில் பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30, மதியம் 2.30 முதல் 4 வரை பள்ளி முன்னால் 40. மஞ்சள் விளக்கும் மின்னும், கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. (அவன் சொன்னான். அது வேறு கதை.) அங்கே பிள்ளைகள் மணியடித்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இங்கே காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன், சனிக்கிழமை டெஸ்ட், ப்ளஸ் டூ பிள்ளை இருட்டிய பிறகுதான் பஸ் ஏறுகிறது. எந்த நேரத்தைப் பள்ளி நேரம் என்று எழுதுவாய்? நாள் முழுக்க 30 என்பதுதான் என் கட்சி. பள்ளியை ஒட்டி 200 மீட்டர் போதும். அந்த 200 மீட்டரை 50-ல் கடக்க 14 நொடி, 30-ல் 24 நொடி. பத்து நொடி, செல்வா. அடுத்த சிக்னலில் நின்று அதற்கு மேலேயே வீணடிக்கிறான்.

இப்போது உன் வேலை. பக்கவாசலுக்கு நேராகச் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி ஒரு கடப்புமேடை, அங்கே இரண்டு பக்கமும் நடைபாதையை ரோட்டுக்குள் நீட்டி அகலத்தைக் குறுக்குவது, நடுவில் பிள்ளைகள் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு. இதற்கு அளவோடு ஒரு வரைபடம் போட்டுக் கொடு. நான் மனுவில் பத்து பக்கம் எழுதினாலும் வாத்தியார் பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். ஓய்வு பெற்ற கோட்டப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட படம் என்றால் மேசை தானாக நகரும். உன் துறையின் லட்சணம் எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மேடை போட்டால் மழைத்தண்ணீர் தேங்கும் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார், எனக்குப் பதில் வரவில்லை. வடகிழக்குப் பருவமழையில் அந்த இடம் எப்படி ஆகும் என்று நீயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தவன். ஓரத்தில் இடைவெளி விட்டு மேலே கிரில் போடுவதா, அடியில் குழாய் பதிப்பதா? எது அடைத்துக்கொள்ளாது? அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு. அதற்குள் போன் பண்ணு. மாவடுப் பாட்டிலைத் திருப்பி அனுப்புகிறேன், காலியாகவே வைத்திருக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்.

அன்புடன்,
மூர்த்தி