கடற்கரை மைக்ரோலைட் பயணம்: வேலூர் உறுப்பினர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். மைக்ரோலைட் எனும் எடை குறைந்த குட்டி விமானத்தில் பறப்பது காலை 6 மணிக்கு. வெயில் ஏறினால் கடல்காற்று கிளம்பும். கரையோரம் விமானம் குலுங்கும். விடியற்காலையில் வேலூரிலிருந்து ஓடி வர வேண்டாம். ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக முந்தின நாளே வந்து தங்கிவிடுங்கள்.

எடையை மறைக்காமல் சொல்லுங்கள், தயவுசெய்து. இரண்டு பேர் அமரும் மைக்ரோலைட்டின் மொத்த எடை வரம்பு 450 கிலோ. வெறும் விமானம் 270 கிலோ என்றால், 40 லிட்டர் பெட்ரோலுக்கு 29, பைலட்டுக்கு 75 போக உங்களுக்கும் கேமராவுக்கும் சேர்த்து 76 கிலோதான் மிச்சம். அதற்கு மேல் போனால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும், பயணமும் சுருங்கும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது: விமானம் தண்ணீரில் இறங்கினால் ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு அழுத்தி வெளியேற விடாது. வெளியே வந்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். 1,000 அடியில் இன்ஜின் நின்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் காற்றில் சறுக்கி வரலாம், எதிர்க்காற்றில் அதுவும் குறையும். அதனால் "இன்னும் கொஞ்சம் கடலுக்குள்ளே போங்க சார்" என்று பைலட்டை வற்புறுத்தாதீர்கள்.

தெற்கே போகும்போது வலப்பக்க இருக்கைக்குக் கரை தெரியும், வெயிலும் முதுகுப்பக்கம். படத்தை அப்போதே எடுத்துவிடுங்கள். ப்ரொபெல்லர் பின்னால் உள்ள வகையில் கைநழுவும் போன், தொப்பி நேராக அதில்தான் போய் விழும். கழுத்துக் கயிறு கட்டாயம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மேல் பறக்கத் தடை, கேட்கவே வேண்டாம்.

எடை விவரத்தை அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள்.