மல்லிகைக் கவாத்தும் குச்சிப் பரிமாற்றமும்

வணக்கம் நண்பர்களே. குண்டுமல்லிக்குக் கவாத்து நேரம், அதாவது கிளைகளை வெட்டிவிடும் நேரம் வந்துவிட்டது. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும். போன வருஷம் பாவம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளினேன். பூவைவிட இலைதான் அதிகம் வந்தது! வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். வெட்டியதும் இலைகளை உதிர்த்துவிட்டுத் தொழு உரம் போடுங்கள்.

வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். பென்சில் கனத்தில் அரை அடி நீளம் நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி ஞாயிறு காலை 7 மணிக்கு மொட்டை மாடிக்குக் கொண்டுவாருங்கள். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் அடுக்கு நந்தியாவட்டை, இட்லிப்பூ இருக்கின்றன. ஊதா டிசம்பர் பூ யாரிடமாவது இருக்கிறதா? ரொம்ப நாளாகத் தேடுகிறேன். அரளி கொண்டுவருபவர்கள் அதன் பால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம்.